பனிக்கட்டி இழுத்துப்போய்க் காட்டிய நிலம்: அதைக் கண்டுபிடிப்பு என்று சொல்லலாமா?

ஊதக்காற்று:
இரண்டு வாரமாக ஒரே தீவுக்கூட்டத்தைப் பற்றித்தான் தேடித் தேடிப் படிக்கிறேன், மனதிலிருந்து இறங்கவே மாட்டேன் என்கிறது. பிரான்ஸ் ஜோசப் தீவுகள். ரஷ்யாவின் வடக்கு ஓரத்தில், நோவயா செம்லியா தீவுகளுக்கும் மேலே, 190க்கும் மேற்பட்ட தீவுகள், சுமார் 16,000 சதுர கி.மீ. பரப்பு, அதில் 85 சதவீதம் பனிக்கு அடியில். வட கோடியில் இருக்கும் ரூடால்ஃப் தீவிலிருந்து வடதுருவம் ஏறக்குறைய 900 கி.மீ. தான். பூர்வகுடிகள் என்று யாரும் அங்கே இருந்ததில்லை.

என்னை உலுக்கியது அது கண்டுபிடிக்கப்பட்ட விதம். 1872இல் ஆஸ்திரிய-ஹங்கேரியக் கப்பல் டெகெட்ஹாஃப் 24 பேரோடு வடக்கே போகிறது. ஆகஸ்ட் மாதமே நோவயா செம்லியா பக்கம் பனியில் மாட்டிக்கொள்கிறது, அதன்பிறகு அந்தக் கப்பல் தன் விருப்பப்படி ஒரு அடிகூட நகரவில்லை. பனிப்பாளம் எங்கே போனதோ அங்கேயெல்லாம் போனது. ஒரு வருடம் கழித்து, 1873 ஆகஸ்ட் 30, நண்பகல் வாக்கில் கப்பலின் பக்கச்சுவரில் சாய்ந்து மூடுபனியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், திடீரென்று பனிமூட்டம் மேலே எழும்புகிறது, வடமேற்கில் பாறை மலைகளின் விளிம்பு தெரிகிறது. யாரும் அறியாத ஒரு தேசம். ஆனால் காலை வைக்க முடியவில்லை, ஏனென்றால் இடையில் இருக்கும் பனி உடைந்து உடைந்து நகர்கிறது. நவம்பர் 1 வரை காத்திருந்துதான் கரையில் இறங்கினார்கள், அதற்குள் நீண்ட துருவ இரவு தொடங்கிவிட்டது.

என் கேள்வி இதுதான். இவர்கள் தேடிப்போகவில்லை, பனி கொண்டுபோய் விட்டது. இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வது சரியா?

மாலுமி71:
தம்பி, நான் முப்பது வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன், அதனால் இந்த "கொண்டுபோய் விட்டது" என்ற சொல்லை ஒத்துக்கொள்ள முடியவில்லை. நிலம் கண்ணில் படுவது வேறு, அது எங்கே இருக்கிறது என்று அடுத்தவனுக்குச் சொல்ல முடிவது வேறு. கப்பல் தலைவர் கார்ல் வெய்ப்ரெக்ட் அந்த ஒரு வருடமும் சும்மா உட்காரவில்லை. பனி அழுத்தத்தில் கப்பல் கட்டைகள் முறிவதுபோல் அலறும், எல்லாரும் துணிமணியோடு படுத்து எந்த நேரமும் குதித்து ஓடத் தயாராக இருப்பார்கள், அந்த நிலையிலும் காற்று, வெப்பம், காந்த ஊசி, இருப்பிடம் எல்லாம் அளந்து எழுதிக்கொண்டே இருந்தார். நிலம் தெரிந்த அன்று தாங்கள் 79 டிகிரி 43 நிமிட வட அட்சத்தில் இருக்கிறோம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அந்த எண் இல்லாமல் இருந்திருந்தால் "எங்கோ ஒரு மலை பார்த்தோம்" என்ற கதையாகப் போயிருக்கும்.

நான் பயிற்சியில் இருந்தபோது, ஆடும் தளத்தில் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியைப் பிடித்துச் சூரியனைத் தொடுவானத்துக்கு இறக்குவதற்கே கை நடுங்கும். வெயிலும் இதமும் இருக்கும் இந்தியப் பெருங்கடலில் அது. அங்கே உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வரும்.

கரிசல்காட்டான்:
மாலுமி அண்ணா சொல்வது சரி, ஆனால் இவர்களுக்கு முன்னால் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். 1865இல் நில்ஸ் ஃப்ரெட்ரிக் ரொன்பெக் என்ற நார்வே வேட்டைக் கப்பல்காரர் நார்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடகிழக்கே போய் ஒரு நிலத்தைப் பார்த்ததாகச் சொல்லப்படுகிறது, அது இந்தத் தீவுகளாகவே இருக்கலாம். சீல் வேட்டைக்காரர்கள் நல்ல இடம் கிடைத்தால் ஊருக்கெல்லாம் சொல்ல மாட்டார்கள், நம்மூர் மீனவர்கள் மீன் கூடும் கடலடிப் பார் இருக்கும் இடத்தை வெளியே சொல்லாததுபோல்தான்.

இரண்டாவது ஆள் இன்னும் முக்கியம். பியோத்ர் கிரொபோட்கின். பின்னாளில் அரசின்மைவாதச் சிந்தனையாளராக உலகம் அறிந்த அதே மனிதர்தான். அப்போது ரஷ்யப் புவியியல் கழகத்தில் இருந்தார். ஸ்பிட்ஸ்பெர்கனுக்கும் நோவயா செம்லியாவுக்கும் இடையில் பனி நகரும் விதத்தைப் பார்த்து, வடக்கே ஏதோ ஒரு நிலம் இருந்து தடுத்தால்தான் இப்படி நடக்கும் என்று 1871இலேயே எழுதிவிட்டார். அதற்கு முன்பே ஷில்லிங் என்ற ரஷ்யக் கடற்படை அதிகாரிக்கும் இந்த எண்ணம் வந்திருந்ததாக அவரே மதிப்போடு குறிப்பிடுகிறார். பயணத்துக்குப் பணம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஆஸ்திரியர்கள் அதே இடத்தில் போய் நின்றார்கள்.

என்னைக் கேட்டால் மேசையில் உட்கார்ந்து பனியின் போக்கைப் படித்து "அங்கே நிலம் இருக்கிறது" என்று சொன்னவருக்குத்தான் முதல் மரியாதை.

ஊதக்காற்று:
கிரொபோட்கின் விஷயம் எனக்கு முற்றிலும் புதிது, நன்றி. இன்னும் யோசிக்கும்போது ஒன்று தோன்றுகிறது, அவர் எந்தப் பனி நகர்வை வைத்துக் கணக்குப் போட்டாரோ கிட்டத்தட்ட அதே நகர்வுதான் டெகெட்ஹாஃபை இழுத்துக்கொண்டு போய் நிரூபித்திருக்கிறது.

திருமலர்:
நான் இந்த இழையை நேற்று இரவு படித்துவிட்டுத் தூங்காமல் கிடந்தேன். எல்லாரும் தலைவர்களைப் பற்றியே எழுதுகிறோம். அந்தக் கப்பலில் இருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் யார் தெரியுமா? ஏட்ரியாட்டிக் கடலோரத்து ஆட்கள், டால்மேஷியா, இஸ்ட்ரியா பக்கம், வெயிலிலும் திராட்சைத் தோட்டத்திலும் வளர்ந்தவர்கள். கப்பலில் கட்டளைகள் இத்தாலிய மொழியில்தான். மலையேறத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று டிரோல் பகுதியிலிருந்து ஹாலர், க்ளோட்ஸ் என்று இரண்டு பேர்.

1874 ஏப்ரலில் தரைப்பயணத் தலைவர் யூலியுஸ் பையர் சறுக்குவண்டியோடு வடக்கே போகிறார். ரூடால்ஃப் தீவில் ஒரு பனியாற்றைக் கடக்கும்போது, பனி மூடியிருந்த பிளவு வாய்பிளக்கிறது. ஸானினோவிச் என்ற மாலுமி, வண்டி, நாய்கள், எல்லாம் உள்ளே. பையர் அதே கயிற்றில் பிணைக்கப்பட்டிருந்தார், விளிம்புவரை இழுபட்டு நின்றுவிட்டார். கீழேயிருந்து குரல் வருகிறது, மேலே இவரால் அசைய முடியவில்லை. கடைசியில் கத்தியை எடுத்துத் தன் கயிற்றை அறுத்தார். வண்டி கொஞ்சம் கீழே இறங்கிச் சிக்கி நின்றது. அப்புறம் அந்த மனுஷர், மேலே போட்டிருந்த பறவைத்தோல் உடுப்பையும் காலணியையும் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் காலுறையோடு ஆழப் பனியில் திரும்பி ஓடினார், பின்னால் முகாமில் இருந்த ஹாலரைக் கூட்டிவர. பத்து கி.மீ. அளவு தூரம். திரும்பி வந்து கயிறு இறக்கியபோது ஸானினோவிச் உயிரோடு இருந்தார். நாய்களும்தான்.

மறுபடி கிளம்பி ஏப்ரல் 12 அன்று தீவுகளின் வடமுனைக்கே போனார்கள். ஸானினோவிச்சும் கூட இருந்தார். அதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை, குழியிலிருந்து எடுத்த ஆள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை.

கப்பலின் இயந்திரப் பொறுப்பாளர் ஓட்டோ கிரிஷ் காசநோயால் மார்ச் 16 அன்றே இறந்திருந்தார். வில்செக் தீவில் பாறை இடுக்கில் புதைத்து மரச்சிலுவை நட்டார்கள். கப்பல் நகராத ஒன்றரை வருடத்தில் ஒரு இயந்திரக்காரருக்கு என்ன வேலை இருந்திருக்கும், என்ன நினைத்துக்கொண்டு இருந்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நாட்குறிப்பு எழுதியிருக்கிறார், அவருடைய சகோதரர் மறுவருடமே அதை வெளியிட்டார்.

வரைபடப்பிரியன்:
அருமையாக எழுதியிருக்கிறீர்கள் திருமலர். நான் வரைபடத்தின் பக்கம் வருகிறேன், ஏனென்றால் "கண்டுபிடித்தது யார்" என்பதைவிட "சரியாக வரைந்தது யார்" என்பதுதான் இங்கே பெரிய கதை.

பையர் அந்த வடமுனைக்கு ஃப்ளிகெலி முனை என்று பெயர் வைத்தார், 82 டிகிரி 5 நிமிடம் என்று கணக்கிட்டார். உண்மையில் அது 81 டிகிரி 50 நிமிடத்தை ஒட்டி இருக்கிறது, அந்த நிலையில் நின்று அளந்ததற்கு மோசமில்லை. ஆனால் அங்கே நின்று இன்னும் வடக்கே பார்த்தபோது அவருக்கு மலைகள் தெரிந்தன. 83 டிகிரிக்கு அப்பால் பீட்டர்மன் நிலம், அதன் பக்கத்தில் அரசர் ஆஸ்கர் நிலம் என்று பெயரே வைத்துவிட்டார். இரண்டும் இல்லை. அங்கே இருப்பது கடலும் பனியும் மட்டும்தான். குளிர்ந்த காற்றில் ஒளி வளைந்து தொடுவானத்தில் பனி மேடுகளைத் தூக்கிக் காட்டும், பனிமூட்டக் கரையும் மலைத்தொடர்போலவே நிற்கும். நம்மூர் தார்ச்சாலையில் தண்ணீர் தெரிகிற அதே கூத்து, தலைகீழாக.

கீழேயும் சிக்கல் இருந்தது. நடுவில் ஒரு நீண்ட நீரிணை, கிழக்கே வில்செக் லேண்ட் என்ற பெரிய நிலம், மேற்கே ஸிச்சி லேண்ட் என்ற இன்னொரு பெரிய நிலம் என்று வரைந்தார். வில்செக், ஸிச்சி இருவருமே பயணத்துக்குப் பணம் கொடுத்த பிரபுக்கள். இருபது வருடம் கழித்து ஃப்ரெடரிக் ஜாக்சன் என்ற பிரிட்டிஷ்காரர் 1894 முதல் 1897 வரை அங்கேயே தங்கிச் சுற்றியபோது ஸிச்சி லேண்ட் என்று ஒரு நிலமே இல்லை, அது ஏகப்பட்ட சின்னத் தீவுகள் என்று தெரிந்தது.

பெயர்களை மட்டும் வரிசையாகப் படித்தாலே யார் யார் வந்து போனார்கள் என்று சொல்லிவிடலாம். பையர் படித்த ராணுவப் பள்ளி இருந்த ஊர் வீனர் நொய்ஷ்டாட், அந்தப் பெயரில் ஒரு தீவு. அவர் பிறந்த வட்டாரத்தின் டெப்ளிட்ஸ், அந்தப் பெயரில் ஒரு விரிகுடா. ஜார்ஜ் லேண்ட், அலெக்சாண்ட்ரா லேண்ட் எல்லாம் பிரிட்டிஷ் கை. கிரஹாம் பெல் தீவு அமெரிக்கர் வெல்மன் வந்த அடையாளம். 1926இல் சோவியத் ஒன்றியம் தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டபோதும், மன்னராட்சியை ஒழித்த அந்த அரசு ஒரு ஆஸ்திரியப் பேரரசரின் பெயரை அப்படியே வைத்துக்கொண்டது.

மாலுமி71:
தப்பான வரைபடம் என்ன செய்யும் என்பதற்கு நார்வேயின் துருவப் பயணி நான்சென் கதையைவிட வேறு வேண்டாம். 1895 மார்ச்சில் ஃப்ராம் கப்பலை விட்டு இறங்கி நான்செனும் யோஹான்செனும் துருவத்தை நோக்கி நடக்கிறார்கள், ஏப்ரல் 8 அன்று 86 டிகிரி 14 நிமிடம் வரை போய்த் திரும்புகிறார்கள். திரும்பும் வழியில் ஒருநாள் நீண்ட நடை, அசதி, இரண்டு பேருமே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார்கள். இரண்டும் நின்றுபோயின.

கடல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வடக்கு-தெற்கு எவ்வளவு என்பதைச் சூரிய உயரம் சொல்லிவிடும். கிழக்கு-மேற்கு எங்கே என்பதைச் சொல்வது கடிகாரம்தான். நான்கு நிமிடம் தப்பினால் ஒரு டிகிரி தீர்க்கரேகை தப்பும். பூமத்திய ரேகையில் அது 111 கி.மீ., 81 டிகிரி வடக்கில் ரேகைகள் நெருங்கிவிடுவதால் 17 கி.மீ. தான். ஆனால் கடிகாரம் நின்று எத்தனை நேரம் ஆனது என்றே உத்தேசமாகத்தானே சொல்ல முடியும்? ஆகஸ்டில் கடைசியில் தீவுகளுக்கு வந்து சேர்ந்தபோது கையில் இருந்த பையரின் வரைபடத்தோடு எதிரே இருந்த எதுவுமே பொருந்தவில்லை. கடிகாரம் தப்பா, வரைபடம் தப்பா என்று தெரியாது. இரண்டுமே தப்பாக இருந்தன. தாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று தெரியாமலே ஒரு முழுக் குளிர்காலம் கல் குடிசைக்குள் கரடிக்கறி தின்று படுத்துக் கிடந்தார்கள்.

1896 ஜூனில் ஒரு கடல்யானை (வால்ரஸ்) நான்செனின் கயாக் என்ற தோல் படகைக் குத்திக் கிழித்தது. அதைத் தைக்க ஒதுங்கி நின்ற இடத்தில்தான், ஜூன் 17 காலை, நாய் குரைக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஜாக்சன். அவர் முகாம் இருந்தது பக்கத்திலேயே, கேப் ஃப்ளோராவில். கயாக் கிழியாமல் இருந்திருந்தால் கடந்து போயிருப்பார்கள்.

கரிசல்காட்டான்:
இதைப் படித்ததும் அல்பனோவ் ஞாபகம் வருகிறார். 1914இல் பனியில் சிக்கிய ஸ்வியதாயா அன்னா என்ற ரஷ்யக் கப்பலிலிருந்து இறங்கி நடந்த குழுவின் தலைவர். அவரிடம் இந்தத் தீவுகளுக்கு இருந்த ஒரே வரைபடம், நான்சென் புத்தகத்தில் அச்சாகியிருந்த படம். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய், அல்பனோவும் கோன்ராட்டும் மட்டும் கேப் ஃப்ளோராவை அடைந்தார்கள். ஜாக்சன் கட்டி விட்டுப்போன குடில்கள் அங்கே நின்றன, உள்ளே பழைய உணவும் இருந்தது. ரஷ்யத் துருவப் பயணி செடோவின் கப்பல் ஸ்வியதோய் ஃபோக்கா அங்கே வந்தது அந்தக் குடில்களைப் பிரித்து எரிபொருளாக எடுத்துக்கொள்ள. செடோவ் அந்த வருடம் மார்ச்சிலேயே ரூடால்ஃப் தீவை ஒட்டி இறந்துபோயிருந்தார், கப்பலில் நிலக்கரி தீர்ந்து ஊர் திரும்ப விறகு இல்லை. விறகுக்கு வந்த கப்பல் இரண்டு உயிரை ஏற்றிக்கொண்டு போனது.

ஆக பையரின் பிழையை நான்சென் திருத்த, அதை வைத்து அல்பனோவ் பிழைத்தார். நான் மேலே முதல் மரியாதை யாருக்கு என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

மீரா_நிலவியல்:
எல்லாரும் மனிதர்களைப் பற்றியே பேசிவிட்டீர்கள், கல்லுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். அந்தத் தீவுகளின் தலை மேசைபோல் தட்டையாக இருப்பதற்குக் காரணம் மேலே படர்ந்த பசால்ட் எரிமலைக்குழம்புப் படுகை. அடியில் ஜுராசிக் காலப் படிவுகள். ஜாக்சன் குழுவின் மருத்துவர் கோட்லிட்ஸ் நிலவியலும் அறிந்தவர், அவரும் நான்செனும் சேர்ந்து கேப் ஃப்ளோரா சரிவில் தாவரப் புதைபடிவங்களைச் சேகரித்தார்கள். இன்று புல்லே அரிதான இடத்தில் இலை பதிந்த கல்!

அப்புறம் மரம். தீவில் ஒரு மரம்கூடக் கிடையாது, ஆனால் கரையெல்லாம் மரக்கட்டைகள் கிடக்கும். சைபீரிய ஆறுகள் அடித்துவந்து கடலில் விட்டவை, பனியில் சிக்கி வருடக்கணக்காக மிதந்து வந்து ஒதுங்குபவை. டெகெட்ஹாஃபைத் தள்ளியதும் இதே மாதிரிப் பனி ஓட்டம்தான். இன்னும் விசேஷம், கடல் மட்டத்துக்கு வெகு உயரத்தில் இருக்கும் பழைய கரைகளிலும் கட்டைகளும் திமிங்கில எலும்புகளும் கிடைக்கின்றன. பனியுகத்தில் கனத்த பனி நிலத்தை அமுக்கி வைத்திருந்தது, பாரம் இறங்கியதும் நிலம் மெல்ல மேலே வருகிறது. கட்டையின் வயதைக் கணித்தால் எந்தக் கரை எப்போது கடலோரமாக இருந்தது என்று சொல்லலாம்.

மாலுமி அண்ணா சொன்ன நான்சென் குடிசையின் கூரைக்கு நடு உத்தரமாக வைத்ததும் அப்படி ஒதுங்கிய ஒரு கட்டைதான். மேலே கடல்யானைத் தோல் போர்த்தியிருந்தார்கள்.

ஊதக்காற்று:
மீரா அக்கா, அந்த உத்தரம் பற்றிச் சொன்னது போதும், என்னுடைய கேள்வியே மாறிவிட்டது. ஒன்று மட்டும் கேட்கிறேன், டெகெட்ஹாஃப் ஆட்கள் எப்படித் திரும்பினார்கள்? இப்போது அங்கே யாராவது இருக்கிறார்களா?

மாலுமி71:
1874 மே 20 அன்று கப்பலைக் கைவிட்டு, படகுகளைப் பனிமேல் இழுத்துக்கொண்டு தெற்கே கிளம்பினார்கள். பகலெல்லாம் தெற்கே இழுப்பார்கள், பனிப்பாளம் அவர்களை வடக்கே கொண்டுபோகும். இரண்டு மாதம் முதுகு ஒடிய இழுத்த பிறகு கணக்குப் பார்த்தால் கப்பலிலிருந்து சுமார் 15 கி.மீ. தான் வந்திருந்தார்கள். கப்பலுக்கே திரும்பலாம் என்ற பேச்சு எழுந்தது. வெய்ப்ரெக்ட் மாட்டேன் என்றார். ஆகஸ்ட் நடுவில் திறந்த கடல் கிடைத்தது, 24ஆம் தேதி நோவயா செம்லியா கரையில் வோரோனின் என்ற ரஷ்யக் கப்பல்காரர் ஏற்றிக்கொண்டார், செப்டம்பர் 3 நார்வேயின் வார்டோ. 1872இல் கிளம்பிய 24 பேரில் கிரிஷ் ஒருவரைத் தவிர எல்லாரும் திரும்பினார்கள். கப்பல் இன்றுவரை கிடைக்கவில்லை.

வியன்னாவில் பெரிய வரவேற்பு, கூடவே இதெல்லாம் கற்பனை என்ற முணுமுணுப்பும். பையர் ராணுவத்தை விட்டு விலகி ஓவியரானார். வெய்ப்ரெக்ட், துருவத்துக்கு யார் முந்துவது என்ற ஓட்டம் வேண்டாம், பல நாடுகள் ஒரே நேரத்தில் ஒரே முறையில் அளக்க வேண்டும் என்று வாதாடினார். 1882-83இல் 12 நாடுகள் சேர்ந்து முதல் சர்வதேசத் துருவ ஆண்டை நடத்தின. அவர் 1881இலேயே போய்விட்டார்.

வரைபடப்பிரியன்:
இப்போது என்று கேட்டால், ஊர் என்று எதுவும் இல்லை, ராணுவத் தளமும் ஆய்வு நிலையமும்தான். 1929இல் ஹூக்கர் தீவின் டிக்காயா விரிகுடாவில் சோவியத் நிலையம் தொடங்கினார்கள். 1931 ஜூலையில் கிராஃப் செப்பலின் ஆகாயக்கப்பல் மேலே பறந்து படம் எடுத்தபோது, வரைபடத்தில் இருந்த சில தீவுகள் இல்லவே இல்லை என்று தெரிந்தது, ஆக 58 வருடம் கழித்தும் அழிக்கும் வேலை முடியவில்லை. போர்க்காலத்தில் அலெக்சாண்ட்ரா லேண்டில் ஜெர்மானியர்கள் ரகசிய வானிலை நிலையம் வைத்திருந்தார்கள், வேகாத கரடிக்கறியில் இருந்த புழுவால் நோய்ப்பட்டு 1944இல் காலி செய்தார்கள். 2016 முதல் தீவுகள் ரஷ்ய ஆர்க்டிக் தேசியப் பூங்காவுக்குள்.

திருமலர்:
கிரிஷின் சிலுவை இன்றும் வில்செக் தீவில் நிற்கிறது, போகும் பயணிகள் எடுத்த படத்தில் பார்த்தேன். சுற்றிலும் வெறும் கல், பின்னால் கடல். அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது.

மீரா_நிலவியல்:
ஒன்று விட்டுப்போனது. நான்சென் முதலில் வந்து சேர்ந்த வடகிழக்குத் தீவுகளில் இரண்டுக்கு மனைவி ஈவா, மகள் லிவ் பெயர்களை வைத்தார். பின்னால் பார்த்தால் அது ஒரே தீவு. வரைபடத்தில் இன்று ஈவா-லிவ் தீவு என்று ஒன்றாகவே இருக்கிறது. அதன் பனியிலிருந்து பிரிந்து ஒரு துண்டு தனித் தீவாகி மெஸ்யாட்செவ் என்ற பெயரில் வரைபடம் ஏறியது. 2024 செயற்கைக்கோள் படங்களில் அது காணவில்லை, உருகிவிட்டது. பையரின் பீட்டர்மன் நிலத்தை வரைபடத்திலிருந்து எடுத்தது அது இல்லாததால். இது இருந்தது, இதன் கரையை அளந்திருக்கிறார்கள்.

ஊதக்காற்று:
நான் வைத்திருக்கும் வரைபடத்தில் ஈவா-லிவ் பக்கத்தில் அந்தச் சின்னப் புள்ளி இன்னும் இருக்கிறது அக்கா. இப்போதுதான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன்.